ஒரு வெள்ளைத் தங்க மோதிரமும் இரண்டு மில்லிகிராம் ரோடியமும்

கோவை ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடிக் கதவும் உள்ளே மூன்று மேசைகளும் மட்டுமே கொண்ட முலாம் பட்டறை ஒன்றில், என் மனைவியின் வெள்ளைத் தங்க மோதிரத்துக்கு 2024 பிப்ரவரியில் ரோடியம் பாலிஷ், அதாவது ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் முலாம், போட்டு வாங்கினேன். அந்த மோதிரத்தை 15 மாதங்கள் அன்றாடம் அணிந்து பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது. பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பத்தரும் தம் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே பட்டறையைக் காட்டிலும் வேலையைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன். எந்த ஊரில், எந்தக் கடையில் இந்த வேலையைக் கொடுப்பவருக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

மோதிரம் 2017-ல் வாங்கியது. 18 காரட், எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு, கல் எதுவும் பதிக்காத வெறும் வளையம். வாங்கியபோது கண்ணாடி போல வெண்மையாக இருந்தது, ஐந்தாண்டுகளில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. 2022-ல் பெரிய நகைக்கடை ஒன்றின் சர்வீஸ் கவுண்டரில் 1,500 ரூபாய் கொடுத்து ரோடியம் பாலிஷ் போட்டோம். மூன்றாம் மாதமே உள்ளங்கைப் பக்கத்தில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. கொண்டுபோய்க் காட்டியபோது, “ரோடியம் விலை ஏறிப்போச்சு சார், இதுக்கு மேல கனமாப் போட்டாக் கட்டுப்படியாகாது” என்று பதில் வந்தது. பணம் போனதை விட அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. ரோடியத்தோடு எனக்குத் தொழில்முறையில் நெடுநாள் பழக்கம் உண்டு. ஒரு மோதிரத்தின் மேல் அது எவ்வளவு உட்கார முடியும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும்.

எஃகு வார்க்கும் பவுண்டரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். உலையில் எஃகு உருகியதும், நீண்ட கம்பியின் முனையில் அட்டைக் குழாய் ஒன்றைச் செருகி, அதை உருகிய எஃகுக்குள் சில விநாடிகள் அமிழ்த்தி வெப்பநிலை எடுப்போம். அட்டைக் குழாயின் நுனியில், சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய குவார்ட்ஸ் வளைவுக்குள், தலைமுடி போன்ற இரண்டு கம்பிகள் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று தூய பிளாட்டினம்; மற்றொன்று 10 விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினம். இரண்டும் சேரும் முனை சூடாகும்போது உண்டாகும் சிறு மின்னழுத்தத்தை மீட்டர் வெப்பநிலையாக மாற்றிக் காட்டும். மீட்டர் 1,600 டிகிரியை ஒட்டிக் காட்டி நின்ற மறுகணமே நுனி கருகிவிடும். ஆனால் அந்தச் சில விநாடிகள் தாக்குப்பிடிப்பதுதான் அதன் வேலை. பிளாட்டினம் 1,768 டிகிரி செல்சியஸில் உருகும், ரோடியம் 1,964 டிகிரியில் உருகும். ரோடியம் சேரச் சேரப் பிளாட்டினத்தின் உறுதியும் வெப்பம் தாங்கும் திறனும் கூடுகின்றன. ஆகவே இந்த உலோகம் எனக்கு நகைக்கடையில் அறிமுகமானதன்று, உலைக்கு முன்னால் நின்று பழகியது.

வெள்ளைத் தங்கம் ஏன் மஞ்சளாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதைக் கடைக்காரர் செய்த மோசடி என்று நினைத்துவிடுகிறார்கள். 18 காரட் தங்கத்தில் 75 விழுக்காடு தங்கமே. மீதிக் கால்பங்கில் பல்லேடியம் அல்லது நிக்கல் போன்ற வெளுப்பு உலோகங்களைக் கலந்து நிறத்தை மாற்றுகிறார்கள். எவ்வளவு வெளுத்தாலும் இளமஞ்சள் சாயல் ஒன்று தங்கிவிடும். அதை மறைக்கத்தான் கடைசியாக ரோடியம் மேலே ஏற்றப்படுகிறது. நாம் கடையில் பார்த்து மயங்கும் அந்த வெண்மை தங்கத்துடையதன்று, அதன் மேல் போர்த்திய ரோடியத்துடையது. அது தேய்ந்ததும் அடியிலிருக்கும் உண்மை நிறம் தெரிகிறது, அவ்வளவுதான். இதை விற்கும்போதே சொல்லும் கடைகள் மிகக் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை. ‘பாலிஷ்’ என்ற சொல்லும் குழப்பத்தைக் கூட்டுகிறது. பாலிஷ் என்றால் இருப்பதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என்று நினைத்துக்கொள்கிறோம், இங்கே நடப்பதோ இல்லாத ஓர் உலோகத்தைப் புதிதாக ஏற்றுவது.

இந்த உலோகத்தை 1804-ல் உலகுக்கு அறிவித்தவர் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் ஹைட் வொல்லஸ்டன். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பிளாட்டினத் தாதுவை இராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவையில் கரைத்து, பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் பிரித்தெடுத்த பிறகு எஞ்சியதிலிருந்து ரோஜா நிறமான உப்பு ஒன்று அவருக்குக் கிடைத்தது. ரோஜாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ரோடியம் என்று பெயர் வைத்தார். தாதுவில் கலந்திருந்தபோது அமிலத்தில் இறங்கிவிடும் இந்த உலோகம், திரண்ட கட்டியாகிவிட்டால் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் கரைக்கும் அதே இராஜ திராவகத்துக்கு மசிவதில்லை. நகைக்கு மேல் போர்த்த இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்? புளி, எலுமிச்சை, வியர்வை, பாத்திரம் தேய்க்கும் சோப்பு எதுவும் அதைத் தொடாது. வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்றாலும், காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். ரோடியம் வெள்ளிக்கு ஒரு படி குறைவாக, எண்பதை ஒட்டித் திருப்பி அனுப்பினாலும், ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சிறு கண்ணாடிகளில் நல்ல ரகம் ரோடியம் பூசியதே. திரும்பத் திரும்பக் கொதிநீராவியில் கிருமிநீக்கம் செய்தாலும் அது மங்குவதில்லை. முலாமாக ஏற்றிய ரோடியத்தின் கடினம் விக்கர்ஸ் அளவில் 800-ஐத் தாண்டும். 18 காரட் தங்கம் இதற்குப் பல மடங்கு கீழே நிற்கிறது.

இனி பட்டறைக்கு வருவோம். பத்தர் மோதிரத்தை வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைப் பூதக்கண்ணாடியில் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளங்கைப் பக்கத்தில் இருந்த இரண்டு கீறல்களை எனக்குக் காட்டியது. “ரோடியம் கீறலை மறைக்காதுங்க, எடுத்துக் காட்டிரும். முதல்ல இதைப் பஃப் அடிச்சாகணும்” என்றார். பஃப் அடிக்கும்போது, அதாவது சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றும்போது, தங்கம் சிறிது குறையும் என்பதையும் அவரே சொன்னார். அடித்து முடித்த பிறகு குறைந்த எடையைச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். கழுவி உலர்த்திய மோதிரத்தை வைரம் நிறுக்கும் காரட் தராசில் வைத்தபோது 19.482 காரட் என்று காட்டியது. இந்தக் காரட் எடையின் அளவு; தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் காரட் வேறு. அந்தத் தராசு ஒரு காரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிகிராம் வரை காட்டும். எடையைக் குறித்துக்கொள்ளும்படி அவர் என்னிடம் சொன்னபோது ஏனென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

முலாம் ஏற்றும் வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். மோதிரம் முதலில் அல்ட்ராசோனிக் தொட்டியில் சோப்பு நீரில் அதிர்ந்தது. பிறகு அதன் மேல் நீராவி பீய்ச்சப்பட்டது. அடுத்து, காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எண்ணெய்ப் பிசுக்கு போக்கப்பட்டது. அதன் பின், காய்ச்சி வடித்த நீரில் அலசிய மோதிரத்தை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நீர் துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். ஒரே ஏடாகப் படிந்து வழிந்தால் சுத்தம். முதல் முறை உட்புறத்தில் ஓரிடத்தில் நீர் பிரிந்து நின்றது. ஒரு வார்த்தையும் பேசாமல் மோதிரத்தைத் திரும்பக் காரத் தொட்டிக்கே கொண்டுபோனார். இந்த ஓர் இடத்துக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், ஏனெனில் அடுத்த மாதம் முலாம் உரியப்போவது இப்படிப்பட்ட இடத்தில்தான். இரண்டாம் முறை நீர் சீராக வழிந்த பிறகு, நீர்த்த கந்தக அமிலத்தில் ஒரு முக்கு, மறுபடியும் ஓர் அலசல். அதற்குப் பிறகே ரோடியம் தொட்டி.

தொட்டி என்றால் பெரிதாக எண்ண வேண்டாம், ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பீக்கர்தான். பெயரில் ரோஜா இருந்தாலும், அதற்குள் இருந்த கரைசல் தேன் நிறமாக இருந்தது. பட்டறையில் அதை ‘ரோடியம் தண்ணி’ என்கிறார்கள். கந்தக அமிலம் கலந்த நீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் ரோடியம் கரைந்திருப்பது அது. பீக்கரின் சுவரை ஒட்டிப் பிளாட்டினம் பூசிய டைட்டானிய வலை நேர்மின்வாயாக நின்றது. செம்புக் கம்பியில் தொங்கவிட்ட மோதிரம் எதிர்மின்வாயானது. வெப்பமானி 45 டிகிரி காட்டியது, நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபையர் மூன்று வோல்ட்டில் நின்றது. மோதிரம் உள்ளே இறங்கியதும் அதைச் சுற்றி நுண்குமிழிகள் எழும்பின. பத்தர் அதை மெல்ல அசைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தார். ஒரு நிமிடத்தில் வெளியே எடுத்தபோது வைக்கோல் நிறம் இருந்த இடமே தெரியவில்லை. எடுத்ததும் முதலில் அலசிய நீரை அவர் கொட்டவில்லை, மூடி போட்ட தனிப் பாட்டிலில் ஊற்றி வைத்தார். மோதிரத்தோடு ஒட்டி வந்த ரோடியம் அதில் இருக்கிறதாம். அதைச் சேர்த்து வைத்து மீட்பதற்குக் கொடுப்பார்களாம்.

உலர்த்திய மோதிரத்தை மறுபடியும் தராசில் வைத்தோம். 19.492. ஏறியது 0.010 காரட், அதாவது 2 மில்லிகிராம். அந்த வளையத்தின் மொத்தப் பரப்பு, உள்ளும் புறமுமாக, ஐந்து சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ரோடியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 12.4 கிராம். வகுத்துப் பார்த்தால் முலாமின் கனம் 0.3 மைக்ரான் வருகிறது, ஒரு மில்லிமீட்டரை மூவாயிரத்துக்கும் மேல் கூறுபோட்டால் கிடைக்கும் ஒரு கூறு. அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு இது நியாயமான கனமே. இந்த வகைக் கரைசலில் ஒரு மைக்ரானை நெருங்கும்படி ஏற்றினால் முலாம் தன் உள்ளிறுக்கத்தாலேயே வெடிப்பு விடும் என்பதால், ‘இன்னும் கனமாகப் போடுங்கள்’ என்று வற்புறுத்துவதிலும் பயனில்லை.

இப்போது அந்தக் கவுண்டரில் கிடைத்த பதிலுக்கு வருகிறேன். 2024 தொடக்கத்தில் ரோடியம் அவுன்சுக்கு 4,500 டாலரை ஒட்டி விற்றது, கிராமுக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய். என் மோதிரத்தில் ஏறிய 2 மில்லிகிராமின் உலோக மதிப்பு 24 ரூபாய். கரைசலாகத் தயாரித்து விற்பவர் வைக்கும் இலாபத்தைச் சேர்த்தாலும் ஐம்பதைத் தாண்டாது. 2021 மார்ச்சில் ரோடியம் 29,000 டாலரைத் தொட்டது. வரலாற்றிலேயே அதுதான் அதன் உச்சம். அந்த விலையிலும் கணக்குப் பார்த்தால் அதே 2 மில்லிகிராம் 140 ரூபாய்க்குள்தான் அடங்குகிறது. 1,500 ரூபாய் வாங்கும் கடைக்கு இது கட்டுப்படியாகாத தொகையன்று. ஆனால் பீக்கரைப் பாருங்கள். அதில் கரைந்துள்ள இரண்டு கிராமின் மதிப்பு 2024-ல் 24,000 ரூபாய், உச்ச விலையிலோ 1,36,000 ரூபாய். உலோக விலை ஏறும்போது முலாம் கெடுவது இங்கேதான். தொட்டியில் ரோடியம் குறையக் குறையப் புதிய கரைசலை ஊற்றாமல், செத்த தண்ணியிலேயே ஓட்டிவிடுகிறார்கள். மோதிரம் வெளுத்துத்தான் வெளியே வரும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஏறியிருப்பது வேண்டிய கனத்தில் சிறு பங்காகவே இருக்கும். இந்தப் பத்தர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு வேலைக்கும் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்து, குறிப்பிட்ட கணக்கு வந்ததும் புதுக் கரைசல் சேர்க்கிறார். நான் பார்த்த பக்கத்தில் ஜனவரியில் ஒரு முறையும் பிப்ரவரியில் ஒரு முறையும் சேர்த்த குறிப்பு சிவப்பு மையில் இருந்தது. அவர் என்னிடம் வாங்கிய கூலி பஃப் வேலையும் சேர்த்து 850 ரூபாய். அதில் உலோகம் மிகச் சிறு பங்கு. நாம் காசு கொடுப்பது அந்த நோட்டுக்கும், நீர் வழிவதை விளக்கில் பார்த்த அந்தக் கண்ணுக்கும்தான்.

இந்த விலை ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகைத் தொழில் ரோடியத்தின் சிறிய வாடிக்கையாளர். உலகில் ரோடியத்துக்கென்றே வெட்டும் சுரங்கம் இல்லை. பிளாட்டினத்தோடும், ரஷ்யாவின் நொரில்ஸ்க் போன்ற இடங்களில் நிக்கலோடும் துணைப்பொருளாகவே அது கிடைக்கிறது. புதிதாக வெட்டியெடுப்பதில் ஐந்தில் நான்கு பங்கு தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத் தொகுதியிலிருந்து வருகிறது. தங்கம் ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேல் வெட்டப்படும்போது, ரோடியம் சில பத்து டன்களைத் தாண்டுவதில்லை. அதில் மிகப் பெரும்பங்கைக் கார்களின் புகைப்போக்கியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் விழுங்கிவிடுகிறது. அந்தப் பெட்டிக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை நுண்துகள்களாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் எரித்து முடிப்பது முதல் இரண்டின் வேலை. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து, வெறும் நைட்ரஜனாக வெளியே விடுவதில் ரோடியத்துக்கு ஈடு இன்னும் கிடைக்கவில்லை. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. சீனாவும் ஐரோப்பாவும் அதே காலத்தில் விதிகளை இறுக்கின. தென்னாப்பிரிக்காவிலோ சுத்திகரிப்பு ஆலைப் பழுதும் பெருந்தொற்றும் வரத்தைக் குறைத்தன. துணைப்பொருள் என்பதால் விலை ஏறியதும் கூடுதலாக வெட்டிவிடவும் முடியாது. ராஜ வீதியில் ஒரு பீக்கரின் விலை ஏறியதற்குக் காரணம் அதுவே.

கார்கள் மட்டுமல்ல, மற்றத் தொழில்களும் ரோடியத்தைக் கேட்கின்றன. நைட்ரிக் அமில ஆலைகளில் அம்மோனியாவையும் காற்றையும் ஏறத்தாழ 900 டிகிரியில் பிளாட்டினம்-ரோடியம் வலை வழியே செலுத்துகிறார்கள். அம்மோனியம் நைட்ரேட் போன்ற உரங்களுக்கான நைட்ரிக் அமிலம் அந்த வலையைக் கடந்துதான் வருகிறது. கண்ணாடி இழை இழுக்கும் சல்லடைகளும் அதே கலவைதான். பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை ரோடிய வினையூக்கியைக் கொண்டு தயாரிக்க வழிகண்ட வில்லியம் நோல்ஸ் 2001-ல் நோபல் பரிசு பெற்றார். இவ்வளவு இடங்களில் கேட்கப்படும் ஓர் உலோகம் நம் வீட்டு விரலில் இரண்டு மில்லிகிராம் வந்து உட்காருவதே எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

பதினைந்து மாதங்களுக்குப் பிறகு மோதிரம் எப்படி இருக்கிறது? என் மனைவி அதைக் கழற்றுவதே இல்லை. சமையல், பாத்திரம், தோட்ட வேலை எல்லாம் அதோடுதான். மேற்பக்கம் வாங்கி வந்த அன்றிருந்தது போலவே இருக்கிறது. உள்ளங்கைப் பக்கத்தில், அரிவாள்மணையும் பாத்திரப் பிடியும் உரசும் இடத்தில், பத்தாம் மாதவாக்கில் நிறம் சற்று இளகியது. இப்போது அங்கே அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய மஞ்சள் தெரிகிறது. எங்கும் உரியவோ செதில் விடவோ இல்லை. இது சீரான தேய்மானம், நல்ல முலாமுக்கு அதுவே அடையாளம். ரோடியம் எவ்வளவு கடினமானாலும் 0.3 மைக்ரான் கனம் 0.3 மைக்ரான்தான். ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டியிருக்கும் என்று பத்தர் முதல் நாளே சொல்லியிருந்தார், கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. காதணிக்கும் மூக்குத்திக்கும் உரசல் இல்லாததால் பல ஆண்டுகள் நிற்கும்.

குறைகளும் உண்டு, அவற்றையும் அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். முதலாவது, தொட்டியைச் செவ்வாய், சனி என்று வாரத்தில் இரண்டு நாள்தான் சூடேற்றுகிறார். மற்ற நாளில் போனால் நகையை விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி விட்டு வருபவருக்கு அவர் தரும் சீட்டில் எடை மட்டும் இருக்கிறது, ஹால்மார்க் முத்திரை விவரம் இல்லை. நான் கேட்ட பிறகு எழுதித் தந்தார், கேட்காதவருக்கும் எழுதித் தர வேண்டும். இரண்டாவது, பஃப் மேசையில் தூசி உறிஞ்சும் ஏற்பாடு இருந்தாலும் அமிலத் தொட்டிக்கு மேல் புகைபோக்கி இல்லை. அரை மணி நேரம் நின்ற எனக்கே தொண்டை கரகரத்தது. நாள் முழுக்க அங்கே உட்காரும் இரண்டு இளைஞர்களின் நெஞ்சைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. வார்ப்பு உலைக்கு மேல் புகைபோக்கி வைக்க நாங்கள் ஒரு காலத்தில் சண்டை போட்டோம். இங்கே ஒரு சிறு விசிறியும் குழாயும் போதும், செலவும் பெரிதன்று.

வெள்ளி நகைகளுக்கு ரோடியம் கேட்டால், நேராக ஏற்ற மறுக்கிறார். அமிலம் வெள்ளியைத் தின்று தொட்டியைக் கெடுக்கும் என்பதால் முதலில் பல்லேடியமோ நிக்கலோ அடிமுலாமாகப் போட வேண்டும் என்கிறார். நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் என்பவர்கள் பல்லேடியத்தையே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்குக் கூலி கூடும். முத்து, பவளம், ஓப்பல் பதித்த நகையை அமிலத்தில் இறக்க மாட்டேன் என்பதிலும் அவர் உறுதி. என் மகளின் முத்துத் தோட்டைக் கொண்டுபோனபோது, முத்தைக் கழற்றி முலாம் போட்டுத் திரும்பப் பதிக்க 300 ரூபாய் கூடுதலாகும் என்றும், பழைய பதிப்பு என்பதால் கழற்றும்போது கொக்கி முறிய வாய்ப்புண்டு என்றும் முன்கூட்டியே சொன்னார். யோசித்துவிட்டுத் தோட்டைத் திரும்ப எடுத்து வந்துவிட்டோம். மோதிரத்தை மட்டும் வரும் ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடியும் கொண்டுபோகிறேன்.